வெந்நீரும் ஷவரும்: செலவுக்கு முன் ஓர் அளவு

நெய்யாற்றின்கரை வட்டத்துக் குளத்தூரில் தென்மேற்குப் பருவமழை ஓய்ந்த சில வாரங்களிலேயே துலாமழை தொடங்கிவிடும். முதியோர் வாழும் இல்லங்களுக்கு அப்போது வெந்நீர்க் குளியல் இன்றியமையாதது.

100 லிட்டர் நீரின் வெப்பத்தை 25 டிகிரி உயர்த்த ஏறத்தாழ 3 யூனிட் மின்சாரம் வேண்டும். கூரையில் சூரிய வெந்நீர்க் கலன் அமைத்தால், வெயில் நாள்களில் அச்செலவு மிச்சமாகும். மழை நாள்களில் மின்சூடேற்றி துணைநிற்கும்.

ஆனால், ஷவரில் நீர் மெலிந்து விழுவதற்குப் புதிய ஹீட்டர் மட்டும் தீர்வாகாது. ஷவருக்கு மேல் தொட்டி நிற்கும் ஒவ்வொரு மீட்டர் உயரமும் தருவது சுமார் 0.1 பார் அழுத்தமே. தொட்டியை உயர்த்தலாம், அழுத்த பம்பும் பொருத்தலாம். பம்பெனில், வெந்நீர்க் கலன் அவ்வழுத்தத்தைத் தாங்குமா என்று முன்னரே கேட்டறிக. கடற்காற்று வீசும் பகுதியாதலால், துருவேறாத தாங்கிகளையே தேர்ந்திடுக.

முதலில் உயரத்தை அளப்போம். பிறகு செலவைத் திட்டமிடுவோம்.