படம் வரல, பாட்டு வந்துருச்சு

2008 செப்டம்பர் கடைசியில் தமிழகம் எங்கும் ‘காதலில் விழுந்தேன்’ படம் வெளியானது. மதுரையில் மட்டும் வரவில்லை. அன்றைய அரசியல் சண்டை ஒன்றில் படம் சிக்கிக்கொள்ள, நகரத்துத் தியேட்டர்கள் அதைத் திரையிடாமல் ஒதுங்கிக்கொண்டன. விவகாரம் பத்திரிகைகளில் நாள்கணக்கில் அடிபட்டது. ஆனால் அந்தப் படத்தின் ‘நாக்க முக்க’ பாட்டை ஊருக்குள் விடாமல் நிறுத்தி வைக்க எவராலும் முடியவில்லை. மினி பஸ், செல்போன் ரிங்டோன், காதுகுத்து வீட்டு ரேடியோ செட் என்று அது எங்கெல்லாமோ ஏறி உட்கார்ந்துவிட்டது.

விஜய் ஆண்டனி இசையமைத்த அந்தப் பாட்டில் படத்தின் நாயகன் நகுலோடு ஒலித்த பெண் குரல் சின்னப்பொண்ணுவுடையது. சிவகங்கை மாவட்டம் சூராணத்தைச் சேர்ந்தவர்; சினிமாவுக்கு வருவதற்கு முன்பே கிராமத்து மேடைகளில் நாட்டுப்புறப் பாட்டுப் பாடிப் பழகிய தொண்டை. ஒலிபெருக்கி இல்லாவிட்டாலும் திடலின் கடைசி வரிசை வரைக்கும் போய்ச் சேரும் குரல் அது. ஓர் ஆங்கில நாளிதழ் சென்னையில் கால் வைத்தபோது எடுத்த விளம்பரப் படத்துக்கும் இதே பாட்டுதான். அந்த விளம்பரம் 2009-இல் பிரான்சின் கான் நகரில் நடந்த உலக விளம்பர விழாவில் தங்கம் வாங்கியது. 2011-இல் ‘தி டர்ட்டி பிக்சர்’ என்ற இந்திப் படத்துக்குள்ளும் புகுந்தது. மும்பைக்காரருக்கும் அர்த்தம் தெரியாது, மதுரைக்காரருக்கும் தெரியாது. அந்த ஒரு விஷயத்தில் இருவரும் சமம்.

அர்த்தம் இல்லாத சொல் எப்படி ஒட்டிக்கொள்கிறது? பறையோ தவிலோ கற்றுக்கொள்கிறவர்களிடம் போய் நின்றால் பாதி விடை கிடைத்துவிடும். அங்கே அடியை வாயால் சொல்லித்தான் பழக்குவார்கள். ‘தகிட தகதிமி’ என்பதற்கு அகராதியில் இடம் கிடையாது. எந்த விரல் எங்கே விழ வேண்டும் என்பதுதான் அதன் பொருள். தெருவில் ஆடுகிற பையன் ‘டண்டணக்கா’ என்று வாயால் போடுவதும் இதே கணக்கு. ஹிட்டான கிறுக்குப் பாட்டுகளின் பல்லவியை இந்தக் காதோடு கேட்டால் விஷயம் பிடிபடும். ‘நாக்க முக்க’, ‘சிக்கு புக்கு’, ‘முக்காலா முக்காபுலா’, ‘ரண்டக்க ரண்டக்க’ எல்லாவற்றிலும் க்-கும் க-வும் மோதுகின்றன. தமிழின் இரட்டித்த வல்லினம் குச்சியால் தோலில் தட்டுகிற மாதிரி விழும். மெல்லினமும் இடையினமும் கொஞ்சுவதற்கு ஆகும். குத்துக்கு வல்லினம்தான் வேண்டும்.

பாடலாசிரியர் வாலி இதை நன்றாகவே அறிந்திருந்தார். எம்.ஜி.ஆருக்குக் கொள்கைப் பாட்டு எழுதிய அதே கைதான் 1993-இல் ‘ஜென்டில்மேன்’ படத்துக்குச் சிக்கு புக்கு ரயிலையும், அடுத்த ஆண்டு ‘காதலன்’ படத்துக்கு முக்காலாவையும் எழுதியது. இந்தப் பாட்டுகளை அலட்சியமாக எழுதித் தள்ளியவை என்று நினைப்பவர்கள் ஒருமுறை உட்கார்ந்து அப்படி ஒன்றை எழுதிப் பார்க்கலாம். மெட்டின் ஒவ்வொரு அடியிலும் நாக்கு சறுக்காமல் விழ வேண்டும், ஒருமுறை கேட்டவுடன் சின்னப் பிள்ளைக்கும் வர வேண்டும், நூறாவது முறையும் சலிக்கக் கூடாது. ஆண்டுக்கு நூற்றுக்கணக்கில் இப்படி முயன்று பார்க்கிறார்கள். பெரும்பாலானவை படத்தோடேயே போய்விடுகின்றன.

மதுரை வட்டாரத்துக்கு இந்த வேடிக்கை புதிதில்லை. இங்கே ஸ்பெஷல் நாடகம் பார்த்தவர்களுக்குப் பபூனைத் தெரியும். வள்ளி திருமணமோ அரிச்சந்திராவோ, ராத்திரி பத்து மணிக்கு மேல் தொடங்கி விடிய விடிய நடக்கும். முருகனும் வள்ளியும் வருவதற்கு முன்னால் பபூன் வந்துவிடுவார். கோமாளிப் பாட்டு, இங்கிலீஷ் கலந்த உளறல், டான்ஸ்காரியோடு எசப்பாட்டு என்று கூட்டத்தை உட்கார வைப்பது அவர் பொறுப்பு. சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய தர்க்கப் பாடல்களை ரசிக்கிற அதே ஜனம்தான் பபூனுக்கும் விசில் அடிக்கும். பத்து ரூபாய்த் தாளைச் சட்டையில் குத்திவிட்டுப் போவதும் பெரும்பாலும் பபூனுக்குத்தான்.

அதே மேடையில் ஒரு சின்னப்பிள்ளைப் பாட்டு வெள்ளைக்கார அரசையே எரிச்சல் மூட்டிய கதையும் உண்டு. திருமங்கலத்தில் வாழ்ந்த நாடக நடிகர் விசுவநாததாஸ் பாடிப் பேர் வாங்கியது ‘கொக்கு பறக்குதடி’. எழுதியவர் மதுரகவி பாஸ்கரதாஸ் என்பார்கள். மேலோட்டமாகக் கேட்டால் பாப்பாவுக்குப் பறவை காட்டும் பாட்டு. ஆனால் கொக்கின் நிறம் வெள்ளை. அது கடல் தாண்டி வந்திருக்கிறது. இருப்பதைத் தின்று தீர்க்கிறது. கொட்டகையில் உட்கார்ந்திருந்த கடைசி ஆள்வரை கொக்கு யாரென்று புரிந்தது. போலீசுக்கும் புரிந்தது. விசுவநாததாஸ் பலமுறை சிறை போனார். 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில், முருக வேடத்தில் மயில் மீது அமர்ந்தபடி மேடையிலேயே உயிர் விட்டார். திருமங்கலத்தில் அவருக்கு நினைவு இல்லம் இருக்கிறது.

சினிமாவில் பபூனின் நாற்காலி கொஞ்ச காலம் நகைச்சுவை நடிகர் சந்திரபாபுவிடம் இருந்தது. மேற்கத்திய யோடலிங் முறையில் குரலை உடைத்து ஏற்றி இறக்கிப் பாடுவதைத் தமிழனின் காதுக்குப் பழக்கினார். தன்னை முட்டாள் என்று தானே அறிவித்துக்கொள்ளும் அவருடைய பாட்டு 1959-இல் ஏவி.எம்.மின் ‘சகோதரி’ படத்தைத் தூக்கி நிறுத்தியது. எழுதியவர் கண்ணதாசன். கிறுக்குப் பாட்டைப் பெரிய கவிஞர்கள் தீண்டவில்லை என்று சொல்ல முடியாது.

கடலுக்கு அந்தப் பக்கமிருந்து வந்ததோ வேறு ரகம். இலங்கை வானொலி தென் மாவட்டங்களில் உள்ளூர் நிலையம் போலவே கேட்ட காலத்தில் ஏ.இ. மனோகரனின் ‘சுராங்கனி’ ராமநாதபுரத்தையும் மதுரையையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. பைலா தாளம், கிட்டார், சிங்களச் சொற்கள். மீன் கொண்டு வந்திருப்பதாகச் சுராங்கனியிடம் சொல்வதுதான் மொத்த விவகாரம். சிங்களத்தில் ‘மாலு’ என்றால் மீன் என்று தெரியாமலேயே கல்லூரி மாணவர்கள் சுற்றுலாப் பேருந்தில் தொண்டை கிழியப் பாடினார்கள். 1977-இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தில் இளையராஜா அதை எடுத்தாண்டு மலேசியா வாசுதேவனைப் பாட வைத்தார். இதே அலையில் நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’ பாட்டும் வந்தது. பொப் இசை என்று இலங்கைத் தமிழர்கள் பெயர் வைத்துக் கொண்டாடிய அந்த வகையில் பாதி, மாமியாரையும் கள்ளுக்கடையையும் பற்றியது. காதல் தோல்வியில் உருகுகிற சினிமாப் பாட்டுக்கு நடுவே இது நல்ல மாற்றாக இருந்தது.

இங்கே பரவை முனியம்மாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மதுரைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது பரவை. கோயில் கொடைகளிலும் கிராமத்து மேடைகளிலும் பாடி வந்த அந்த அம்மாவுக்கு, பேரன் பேத்தி எடுத்த வயதில் சினிமா கிடைத்தது. 2003 பொங்கலுக்கு வந்த ‘தூள்’ படத்தில் விக்ரம் அடியாட்களைப் பந்தாட, வெற்றிலை வாயோடு ஒரு பாட்டி மதுரைவீரனை வைத்துப் பேரனுக்கு வீரப் பாட்டுக் கட்டுகிறார். சண்டைக்காட்சிக்கு வயலினும் டிரம்ஸும் போட்டுப் பழகியிருந்த சினிமாவில் இது பெரிய குறும்பு. வித்யாசாகரும் இயக்குநர் தரணியும் சேர்ந்து செய்த அந்தக் குறும்பு, படத்தின் மற்ற பாடல்களைவிட நீண்ட ஆயுளோடு இருக்கிறது. 2014-இல் ‘மான் கராத்தே’ படத்தில் அனிருத்தோடும் சிவகார்த்திகேயனோடும் ‘ராயபுரம் பீட்டர்’ பாட்டையும் பாடினார். கிராமத்துச் சமையல் என்று தொலைக்காட்சியில் குழம்பு வைத்தும் காட்டினார். கடைசிக் காலத்தில் உடல்நலம் குன்றிச் சிகிச்சைக்கே தவித்தபோது அரசின் நிதியுதவி வந்தது. 2020 மார்ச்சில் மறைந்தார். ஊரையே ஆட வைத்த பாட்டுக்கும் அதைப் பாடியவரின் கைச்செலவுக்கும் இடையே இருந்த தூரத்தை அப்போதுதான் பலர் கவனித்தார்கள்.

2011-ஆம் ஆண்டு தனுஷுக்கு இந்த வகையில் இரட்டை அறுவடை. ஜனவரியில் மதுரையைக் களமாகக் கொண்ட ‘ஆடுகளம்’ வந்தது. காதலி சரியென்று சொல்லிவிட்ட சந்தோஷத்தில் கைலியை ஏற்றிப் பிடித்துக்கொண்டு தெருவில் அவர் போடும் ‘ஒத்த சொல்லால’ ஆட்டத்தைப் பிறகு மதுரையின் கல்யாண வீடுகள் குத்தகைக்கு எடுத்துக்கொண்டன. நடன அமைப்பாளர் தினேஷுக்குத் தேசிய விருது கிடைத்தது. அதே ஆண்டு நவம்பர் 16 அன்று ‘3’ படத்துக்காக, 21 வயதே ஆன அனிருத்தின் மெட்டில் ‘ஒய் திஸ் கொலவெறி டி’ வெளியானது. தூக்கம் கலையாதவர் பேசுவது போன்ற குரல். இங்கிலீஷ் பெயர்ச்சொற்களின் வாலில் எல்லாம் ஓர் உகரம். நாலு பேர் ஸ்டுடியோவில் சும்மா பாடிப் பார்ப்பது போன்ற வீடியோ. சில வாரங்களில் உலகம் முழுக்கப் பரவியது. டிசம்பர் இறுதியில் ஜப்பான் பிரதமருக்குப் பிரதமர் மன்மோகன் சிங் அளித்த விருந்துக்குத் தனுஷுக்கும் அழைப்பு வந்தது.

இந்திக் கவிஞர் ஜாவேத் அக்தர் இந்தப் பாட்டை மெட்டு, குரல், வரி என்று எதையும் விடாமல் கடுமையாக விமர்சித்தார். தமிழ்நாட்டிலும் முணுமுணுப்பு இருந்தது. அதில் நியாயமான ஒன்று உண்டு: காதலித்துத் தோற்ற ‘சூப் பாய்’களின் அழுகையில் பழி எப்போதும் பெண் தலையில்தான் விழுகிறது. வேடிக்கைப் பாட்டு என்ற சலுகையில் நிறைய விஷமம் உள்ளே நுழைந்துவிடுகிறது. அதைச் சுட்டிக்காட்டுவதில் தப்பில்லை. ஆனால் வரியில் இலக்கியம் இல்லை என்று குறைப்படுவது பபூனிடம் போய் வெண்பா கேட்பதற்குச் சமம். 2012 மார்ச்சில் ‘3’ வந்தபோது, பாட்டுக்கு இருந்த கூட்டம் படத்துக்கு இல்லை. பிறகு ‘மாரி 2’ படத்தின் ‘ரௌடி பேபி’ யூடியூபில் நூறு கோடிப் பார்வைகளைத் தொட்டது. தொட்ட நாள் 2020 நவம்பர் 16, கொலவெறியின் ஒன்பதாவது பிறந்தநாள். தனுஷே அந்தத் தற்செயலைச் சொல்லி மகிழ்ந்தார்.

உலகத்திலும் இதுதான் நடப்பு. 1996-இல் ‘மகரேனா’ அமெரிக்கப் பாடல் பட்டியலில் 14 வாரம் முதலிடத்தில் உட்கார்ந்திருந்தது. 2012-இல் கொரியாவின் சை, குதிரை ஓட்டுவது போல் ஆடிய ‘கங்னம் ஸ்டைல்’ யூடியூபில் நூறு கோடிப் பார்வைகளைத் தொட்ட முதல் வீடியோ ஆனது. இவர்களுக்கெல்லாம் மூத்தவர் இத்தாலியின் அட்ரியானோ செலன்டானோ. 1972-இல் அவர் வெளியிட்ட ஒரு பாட்டு கேட்பதற்கு அமெரிக்க இங்கிலீஷ் போலவே இருக்கும். ‘ஆல்ரைட்’ என்பதைத் தவிர ஒரு சொல்லுக்கும் பொருள் கிடையாது. வேற்று மொழி, தெரியாதவன் காதில் எப்படி விழுமோ அதையே பாட்டாக்கினார்.

ஐம்பது ஆண்டு கழித்து அதே வித்தையை அரபியை வைத்துச் செய்தவர் சிவகங்கை மாவட்டம் சிங்கம்புணரியில் பிறந்தவர். 2022 காதலர் தினத்தன்று வந்த ‘பீஸ்ட்’ படத்தின் ‘அரபிக் குத்து’ பாட்டின் வரிகள் சிவகார்த்திகேயனுடையவை. அரபி மாதிரி ஒலிக்கும், அரபி அல்ல. மிமிக்ரி மேடையிலிருந்து வந்த ஆளுக்கு, ஒரு குரலைப் போலச் செய்வதும் ஒரு மொழியைப் போலச் செய்வதும் ஒரே வேலைதான். சூராணம், பரவை, சிங்கம்புணரி: மதுரையிலிருந்து எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும் இந்தப் பாட்டுக்காரர்களில் ஒருவர் ஊர் வந்துவிடும் போலிருக்கிறது.

பறையிலும் கரகத்திலும் நையாண்டி மேளத்திலும் இருந்து சினிமா எடுத்துக்கொண்ட அடிகள் இப்போது அதே ஆட்களிடம் சினிமாப் பாட்டாகத் திரும்பி வருகின்றன. கரகாட்டக் குழுவின் நாகஸ்வரக்காரரிடம் ஒரு பழைய தெம்மாங்கு கேட்டால் வாசிப்பார். கூட்டம் கேட்பது ‘நாக்க முக்க’. ராயல்டி என்ற பேச்சு இரண்டு பக்கமும் எழுவதில்லை.

கோயில் திருவிழா நெருங்கினால் சுற்றுவட்டாரக் கிராமத்தார் ஆடல் பாடல் நிகழ்ச்சிக்கு அனுமதி கேட்டு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு மனுவோடு போவது வழக்கமாகிவிட்டது. நீதிமன்றமும் நிபந்தனைகளோடு அனுமதி தரும்: ஆபாச நடனம் கூடாது, இரட்டை அர்த்தப் பாட்டு கூடாது, சாதியையோ கட்சியையோ தூக்கிப் பாடக் கூடாது, சொன்ன நேரத்துக்குள் முடிக்க வேண்டும். இரண்டு அர்த்தம் இருக்கிற பாட்டுக்குத்தான் தடை. அர்த்தமே இல்லாத பாட்டைப் பற்றி உத்தரவில் ஒரு வரியும் இருப்பதில்லை. ஆர்க்கெஸ்ட்ராக்காரர்கள் அதைத்தான் கடைசியாக வைத்துக்கொள்கிறார்கள், நேரம் முடிந்ததென்று போலீஸ்காரர் மேடைப் பக்கம் நடக்கத் தொடங்கும் வரைக்கும்.