தினமும் மாத்திரை போட்டால் அடங்கும் ரத்தப் புற்றுநோய்... நடுவில் நிறுத்தினால்?

இடது விலாவுக்குக் கீழே ஒரு பாரம். நாலு வாய் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துவிடும். உடம்பு இளைக்கும், அசதி தீராது. 'அல்சரா இருக்கும்' என்று மெடிக்கல் ஷாப்பில் மருந்து வாங்கிக் குடித்தே சிலருக்கு மாதங்கள் ஓடிவிடுகின்றன. கடைசியில் சாதாரண ரத்தப் பரிசோதனை ஒன்றில், 11,000-க்குள் இருக்க வேண்டிய வெள்ளை அணுக்கள் ஒரு லட்சத்தைத் தாண்டி நிற்கும். உசிலம்பட்டியிலிருந்தும் மேலூரிலிருந்தும் மதுரைக்கு, பாலரெங்காபுரம் அரசுப் புற்றுநோய் மையம் போன்ற இடங்களுக்கு, பஸ் ஏறுவது அதற்குப் பிறகுதான்.

சி.எம்.எல். எனப்படும் ரத்தப் புற்றுநோய் இது. மேலை நாடுகளில் 60 வயதையொட்டி அதிகம் வருவது, இந்தியாவில் 30, 40 வயதிலேயே வருகிறது. குடும்பத்தைச் சுமக்கும் வயது!

பிள்ளைகளுக்கும் வருமா?

கல்யாண வயதில் பெண் இருக்கும் வீட்டில் முதலில் எழும் கேள்வி இதுதான். வராது. எலும்பு மஜ்ஜையிலுள்ள ஒரு செல்லில், 9-வது குரோமோசோமின் துண்டும் 22-வது குரோமோசோமின் துண்டும் இடம் மாறி ஒட்டிக்கொள்கின்றன. அப்படிப் பிறக்கும் 'பி.சி.ஆர்-ஏ.பி.எல்.' என்ற கலப்பு மரபணு, வெள்ளை அணுக்களை நிறுத்தாமல் பெருக்குகிறது. இது பிறந்த பிறகு ஏற்படும் மாற்றம். பெற்றோர் கொடுத்ததும் அல்ல, பிள்ளைக்குப் போவதும் அல்ல. 1960-ல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் கண்டறியப்பட்டதால், உருமாறிய குரோமோசோமுக்கு அந்த ஊர்ப் பெயரே நிலைத்துவிட்டது. இந்த மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். பரிசோதனைதான் நோயை உறுதிசெய்கிறது.

சென்னையில் தொடங்கிய வழக்கு

அந்த மரபணு உருவாக்கும் புரதத்தை முடக்கும் 'இமாடினிப்' மாத்திரை 2001-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. முதல் பெரிய ஆய்வில், இமாடினிப்பில் தொடங்கியவர்களில் சுமார் 83 சதவிகிதம் பேர் பத்து ஆண்டுகள் கழித்தும் உயிருடன் இருந்தார்கள். ஆனால், நோவார்ட்டிஸ் நிறுவனத்தின் 'கிளிவெக்' அப்போது மாதத்துக்குச் சுமார் 1.2 லட்சம் ரூபாயாக இருந்தது. இந்திய நிறுவனங்களின் அதே மருந்து அன்று ஏறக்குறைய 8,000 ரூபாய்தான். நோவார்ட்டிஸின் காப்புரிமை விண்ணப்பத்தை 2006-ல் சென்னை காப்புரிமை அலுவலகம் நிராகரித்தது. வழக்கு டெல்லி வரை போய், 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் கைவிரித்தது. இன்று சாமானியர் கைக்கும் மாத்திரை எட்டுவதற்கு அந்தத் தீர்ப்பு முக்கியக் காரணம்.

'நல்லாயிட்டேன்' என்ற ஆபத்து

சில மாதங்களில் ரத்த அணுக்கள் சரியாகி, பழையபடி வேலைக்குப் போகத் தொடங்குவார்கள். மாத்திரை தவறுவது பெரும்பாலும் அப்போதுதான். திருவிழா, வெளியூர் வேலை, காசு முடை... காரணத்துக்கா பஞ்சம்?

லண்டனில் 87 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2010-ல் வெளியானது. மாத்திரையை 90 சதவிகிதத்துக்கு மேல் ஒழுங்காகப் போட்டவர்களில் ஏறக்குறைய 95 சதவிகிதம் பேருக்கு, ஆறு ஆண்டுகளில் நோய் மரபணு மிகக் குறைந்த அளவுக்கு இறங்கியது. அதற்குக் கீழே போனவர்களில் 28 சதவிகிதம் பேருக்குத்தான். 90 சதவிகிதம் என்றால், மாதத்தில் தவறியது மூன்றே நாள்!

இமாடினிப்பைச் சாப்பாட்டோடு, ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில் விழுங்க வேண்டும். மறந்துவிட்டால் மறுநாள் இரண்டாகப் போடக் கூடாது. முகம் வீங்கினாலோ கால் குரக்களி இழுத்தாலோ மருத்துவரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். கர்ப்பமாகத் திட்டமிடுபவர்கள் முன்கூட்டியே பேசிவிடுவது அவசியம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பி.சி.ஆர். பரிசோதனை உண்டு. பல ஆண்டுகள் அந்த அளவு மிக ஆழமாக இறங்கியே இருந்தால், சிலருக்கு மாத்திரையை நிறுத்திப் பார்க்க மருத்துவரே சொல்வார். அப்போதும் பரிசோதனை மட்டும் தொடரும்.