கீழாநெல்லியின் கோத்திரம்

ஒரகடத்துத் தொழிற்சாலையொன்றில் பணிபுரியும் வாசகர் ஒருவர், தாம் வாங்கிய கீழாநெல்லிச் சூரணத்தின் உறைமேல் 'டி.என்.ஏ. பரிசோதனை செய்யப்பெற்றது' என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருப்பதைக் கண்டு, அப்படியானால் அதன் குணமும் நிச்சயந்தானா என்று கேட்டு எழுதியிருக்கிறார்.

இலைக்கடியில் கடுகளவு காய் தொங்கும் செடிகள் பல சாலையோரத்தில் கலந்தே முளைக்கின்றன. ஆகவே உறைக்குள் இருப்பது கீழாநெல்லிதானா என்பது முதல் விசாரணை. அவர் ஊருக்கு அண்மையில், காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழகத்தார் கடைகளில் வாங்கிய 100 மூலிகைச் சரக்குகளை டி.என்.ஏ.வைக் கொண்டு சோதித்து, அவற்றுள் 21 பெயருக்குரிய செடியல்ல என்று 2016-இல் வெளியிட்டார்கள். கீழாநெல்லியேதான் என்று தெளிந்த பின்னும், ஊருக்கு ஊர் அது எவ்வளவு வேறுபடுகிறது என்பது இரண்டாம் விசாரணை. லக்னோவிலுள்ள மத்திய மூலிகை, நறுமணத் தாவர ஆய்வு நிலையத்தார் தமிழ்நாடு முதல் அஸ்ஸாம் வரை திரட்டிய 33 மாதிரிகளை ஆராய்ந்து 2003-இல் எழுதியது இதைப் பற்றியே.

அவர்கள் கையாண்ட 'ராப்டு' முறையில், பத்தே எழுத்துள்ள டி.என்.ஏ. துண்டொன்றைச் செடியின் டி.என்.ஏ.வோடு கலக்கிறார்கள். நான்கெழுத்துப் பாஷையில் அத்தகைய கோவை சராசரியாகப் பத்து லட்சம் எழுத்துக்கு ஒருமுறைதான் நேரும். செடியின் டி.என்.ஏ.வை வண்டலூர்–வாலாஜாபாத் சாலையென்றும், அக்கோவையை அச்சாலையில் அங்கொன்றும் இங்கொன்றுமாக உள்ள தேநீர்க் கடைகளின் ஒரே பெயர்ப் பலகையென்றும் கொள்வோம். அவற்றுள் இரண்டு, சாலையின் இருமருங்கிலும் எதிரெதிர் முகமாக, ஏறக்குறைய 3,000 எழுத்துத் தொலைவுக்குள் அமைந்தால்தான் இடைப்பட்ட சாலைத்துண்டு நகலெடுக்கப்பட்டுச் சில மணி நேரத்தில் கோடிக்கணக்காகப் பெருகும். ஒரு பலகையில் ஓரெழுத்து மழையில் அழிந்தாலும் அத்துண்டு அடியோடு மறையக்கூடும். நடுவே ஒரு தொழிற்சாலை புகுந்து சாலையைச் சுற்றுவழியாக்கினால் துண்டும் நீளும். நகல்களைக் கூழில் மின்சாரம் பாய்ச்சி ஓடவிட்டால் குட்டை முந்தும், நெட்டை பிந்தும். சாயமேற்றிப் புற ஊதா ஒளியில் பார்த்தால் அவை செம்மஞ்சள் கோடுகளாய்த் தோன்றும். பொருந்தும் கோடுகளை எண்ணி உறவை அளக்கிறார்கள். செடியின் மரபெழுத்தில் ஒன்றுகூட முன்னரே தெரிந்திருக்க வேண்டியதில்லை என்பதே இதில் பரம விசேஷம்.

1990-இல் அமெரிக்காவில் இரு குழுவினர் தனித்தனியே இம்முறையை வெளியிட்டனர். சரித்திரம் இவ்வளவு போதும். வெப்பநிலை சற்றே மாறினாலும் கோடுகள் மாறிவிடுவதால், ஓர் ஆய்வகத்துச் சித்திரத்தை மற்றோர் ஆய்வகத்தார் எளிதில் நம்புவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பலகையைப் படித்தவனுக்குத் தேநீரின் ருசியும் தெரியாது, கடைக்காரர் கடன் கொடுப்பாரா என்பதும் தெரியாது. அதுபோலவே, கீழாநெல்லியிலுள்ள பில்லாந்தின் முதலிய ரசாயனங்களின் அளவு மண், பருவம், உலர்த்தும் முறை ஆகியவற்றாலும் மாறும். அதை அளக்க வேறு கருவி வேண்டும். ஹெபடைடிஸ் பி கிருமியைத் தாங்கியவர்களுள் கீழாநெல்லி உண்ட 37 பேரில் 22 பேருக்கு அக்கிருமியின் அடையாளம் மறைந்ததாகச் சென்னைப் பல்கலைக்கழகத்தார் 1988-இல் லான்செட் இதழில் எழுதினர். பிற இடங்களில் அப்பலன் கிட்டாதபோது, செடி வேறாயிருக்கலாம் என்ற சமாதானமும் எழுந்தது. அந்தச் சமாதானத்தைக்கூட, கோத்திரத்தையும் ரசாயனத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் சோதிக்க முடியும்.

ஆகவே வாசகர் உறையைத் திருப்பி, எந்த இனம், பில்லாந்தின் எவ்வளவு என்று எழுதியிருக்கிறதா எனத் தேடட்டும்; இரண்டும் இல்லையேல், கொட்டை எழுத்துக்காக அதிக விலை கொடுக்க வேண்டியதில்லை.