தரச்சான்றிதழின் கணக்கில் சாதி எங்கே?

'தேசியத் தரச்சான்று பெற்றது' என்ற பலகையை அரசு மருத்துவமனைகளின் வாயிலில் பலரும் கண்டிருப்பர். அச்சான்று எதை அளக்கிறது, எதை அளக்காமல் விடுகிறது என்பது அதிகம் பேசப்படுவதில்லை.

பொது மருத்துவமனைகளுக்கான தேசியத் தர உறுதித் தரநிலைகளை ஒன்றிய அரசு 2013இல் வெளியிட்டது. நோயாளர் உரிமை, மருத்துவப் பராமரிப்பு, தொற்றுக் கட்டுப்பாடு உள்ளிட்ட எட்டுப் பகுதிகள் அதில் உள்ளன. ஒவ்வொரு துறைக்கும் நீண்ட சரிபார்ப்புப் பட்டியல் உண்டு. ஒவ்வொரு கேள்விக்கும் 0, 1 அல்லது 2 மதிப்பெண். மதிப்பீட்டாளர்கள் நேரில் பார்த்தும், ஊழியரையும் நோயாளியையும் வினவியும், பதிவேடுகளைப் புரட்டியும் மதிப்பெண் இடுவர். மொத்தத்தில் 70 விழுக்காட்டை எட்டுவது முதன்மை நிபந்தனை.

கண்டறிந்த குறைகளைச் சிறு மாற்றங்களால் களைவது அடுத்த படி. பிரசவ அறைகளுக்காக 2017இல் தொடங்கிய லக்ஷ்யா திட்டமும் இவ்வழியில் செல்வதே. குருதிப்போக்கைத் தடுக்க, குழந்தை பிறந்த ஒரு நிமிடத்திற்குள் தாய்க்கு ஆக்சிடோசின் ஊசி போட வேண்டும். மருந்துத் தட்டு தயாராக இல்லாததே தாமதத்திற்குக் காரணமெனில், ஒவ்வொரு பணிமுறையிலும் அதைச் சரிபார்க்க ஒருவர் பொறுப்பாக்கப்படுவார். பலன் தொடர்ந்து எண்ணப்பட்டு, வரைபடமாகக் குறிக்கப்படும். உயிர்காக்கும் முறை இது. குறைத்துப் பேச இடமில்லை.

சிக்கல் அந்த ஒற்றைக் கோட்டில் இருக்கிறது. 100 பிரசவங்களில் 90இல் ஊசி உரிய நேரத்தில் போடப்பட்டதாகக் கொள்வோம். விடுபட்ட 10 பேர் யார்? பிரசவித்தவர்களில் சேரிப் பெண்கள் 20 பேரே இருக்க, விடுபட்டோரில் 8 பேர் அவர்களே என்றால், அது வெறும் நிர்வாகக் குறை அன்று. 90 விழுக்காடு என்ற எண் இதைச் சொல்லாது.

சமூக, பொருளாதார நிலையை வைத்துப் பாகுபாடு காட்டக்கூடாது என்பதும் தரநிலைகளில் இடம்பெற்றிருக்கிறது. ஆனால் அது நெடிய பட்டியலில் ஒரு வரி. அதில் சுழியம் வாங்கினாலும் பிற மதிப்பெண்கள் ஈடுகட்டிவிடும். ஊழியர் அருகில் நிற்கையில், 'என்னைத் தொடத் தயங்கினார்கள்' என்று எந்த நோயாளி சொல்வார்? குஜராத், ராஜஸ்தான் தலித் குழந்தைகள் குறித்துச் சங்கமித்ரா ஆச்சார்யா 2010இல் வெளியிட்ட ஆய்வு, நோயறியத் தொடுவதிலும் மருந்து தருவதிலும் பாகுபாடு நிலவுவதைப் பதிவு செய்தது. குறுகிய கால ஆய்வில் இது சிக்குவது அரிது.

பிரிட்டனில் மகப்பேற்று இறப்புகள் இனவாரியாகப் பிரித்து வெளியிடப்படுகின்றன. கறுப்பினப் பெண்களின் இறப்பு விகிதம் வெள்ளையினப் பெண்களினதைப் போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு என்று 2018ஆம் ஆண்டு அறிக்கை காட்டியது. பிரித்து எண்ணியிராவிட்டால் அது விவாதப்பொருளே ஆகியிருக்காது.

இங்கே சாதி விவரம் இல்லாமலும் இல்லை. ஜனனி சுரக்ஷா யோஜனா உதவித்தொகைக்காகப் பட்டியல் சாதி, பழங்குடிப் பெண்களின் விவரம் கேட்டுப் பெறப்படுகிறது. பணம் வழங்கப் பயன்படும் அதே விவரத்தைத் தரக் கணக்கோடு இணைப்பதில் தொழில்நுட்பத் தடை ஏதுமில்லை. படுக்கையருகே சாதியைக் கேட்பது புதிய தீண்டாமைக்கு வழிவகுக்கும் என்ற அச்சம் நியாயமானது. எனவே பெயர் நீக்கி, பின்னர் பகுப்பாய்வில் மட்டுமே இணைக்க வேண்டும்.

அதுவரை, தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 கையில் உள்ளது. உங்கள் மாவட்ட மருத்துவமனையின் கடைசி மதிப்பீட்டில் துறைவாரியான மதிப்பெண்கள், நோயாளர் உரிமைப் பகுதியின் கேள்விவாரி மதிப்பெண்கள், குறைகளைக் களையும் செயல்திட்டம், நோயாளர் நலச் சங்கக் கூட்டக் குறிப்புகள் ஆகிய நான்கின் நகல்களையும் அதன்கீழ் கோரலாம்.