மதுரையைவிடப் பக்கம் யாழ்ப்பாணம்!

சென்னை மீனம்பாக்கத்தில் இருந்து மதுரை விமான நிலையம் நேர்கோட்டில் ஏறக்குறைய 420 கிலோமீட்டர். யாழ்ப்பாண விமான நிலையமான பலாலி? சுமார் 355. நம்பாதவர்கள் வரைபடத்தில் ஸ்கேலை வைத்துப் பார்க்கலாம். மதுரையும் பலாலியும் கிட்டத்தட்ட ஒரே அட்சரேகைதான். பலாலி நமக்கு நேர் தெற்கே; மதுரை மேற்கே ஒதுங்கிவிட்டது.

இந்தக் கணக்கு நம் மண்டையில் ஏறாததற்குக் காரணம், பல வருஷம் நாம் யாழ்ப்பாணத்துக்குப் போன வழி. முதலில் கொழும்பு விமான நிலையமான கட்டுநாயக்க, அதுவே சுமார் 650 கிலோமீட்டர். இறங்கியதும் வேனோ பஸ்ஸோ பிடித்து 350 கிலோமீட்டருக்கு மேல் திரும்ப வடக்கே. ராத்திரி முழுக்க ஏழெட்டு மணி நேரம். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்பார்களே, அதற்கு ஆயிரம் கிலோமீட்டர் நீளம்.

இத்தனைக்கும் நேர்வழி புதுசில்லை. 1947 டிசம்பர் 10-ம் தேதி இலங்கையின் முதல் பயணி விமானச் சேவை தொடங்கியபோது, அந்த டகோட்டா ரத்மலானையில் கிளம்பி, பலாலியில் இறங்கி, பிறகுதான் மெட்ராஸ் வந்தது. நடுவில் போரால் வழி அடைபட்டது ஊரறியும். 2019-ல் பாதை மறுபடி திறந்தது. சில மாதத்திலேயே கொரோனா அடைத்தது. 2022 டிசம்பரில் விமானம் மீண்டும் பறந்தது.

இந்த வழியில் பறப்பது இறக்கைக்கு முன்னால் விசிறி சுழலும் சின்ன விமானம். மணிக்கு 500 கிலோமீட்டர் வேகம் என்றால் முக்கால் மணி நேரத்தில் போய்விட வேண்டுமே? டிக்கெட்டில் இருக்கும் நேரம் வானத்தின் நேரம் அல்ல. நின்ற இடத்தை விட்டு நகர்ந்ததில் இருந்து, அங்கே போய் நிற்கும்வரை. ஊர்ந்து ஓடுபாதைக்குப் போவது, ஏறுவது, இறங்குவது எல்லாம் சேர்ந்து ஒன்றேகால் மணியைத் தாண்டிவிடும். அது போகட்டும். வெளிநாட்டுப் பயணம் என்பதால் மூன்று மணி நேரம் முன்னாலேயே வரச்சொல்கிறார்கள். என் கோபம் அங்கேதான். பயண நேரத்தைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் உட்கார்ந்திருக்கிறோம். கடிகாரத்தைத் திருப்பக்கூடத் தேவையில்லாத ஊருக்கு!

கொழும்பு வழியில் விமானங்கள் அதிகம், பெட்டியும் கூடுதலாகக் கொண்டுபோகலாம் என்பவர்கள் உண்டு. நாகப்பட்டினம் கப்பலைச் சொல்பவர்களும் உண்டு. சொல்லட்டும்.

சென்னை திரும்பும்போது பலாலியில் எனக்கு முன்னால் நின்ற அம்மாவின் பெட்டி எடை கூடிவிட்டது. தரையிலேயே உட்கார்ந்து திறந்தார். புழுக்கொடியல் பொட்டலம், பனங்கட்டிக் குட்டான்கள், மிளகாய்த்தூள். ஒவ்வொன்றாக எடுத்துக் கைப்பைக்கு மாற்றினார். மிளகாய்த்தூளைக் கையில் வைத்துக்கொண்டு, "தம்பி, இதைக் கையில கொண்டுபோக விடுவினமோ?" என்றார். எனக்கும் தெரியவில்லை. திரும்பப் பெட்டிக்குள்ளேயே வைத்து, பதிலுக்கு ஒரு சேலையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

வளசரவாக்கத்தில் மகள் வீடு. "பிளேன் ஏறினதும் தெரியாது, இறங்கினதும் தெரியாது தம்பி. ஆனா எப்ப நிப்பாட்டுவினம் எண்டும் தெரியாது" என்றார். எனக்கும் அதே பயம்தான். நின்று நின்று ஓடிய பாதை இது. இன்னொரு தடவை நின்றால் 355 மறுபடி ஆயிரமாகிவிடும்.

தை மாதம் பேத்திக்குக் கல்யாணமாம். எதற்கும் இருக்கட்டும் என்று கொழும்பு டிக்கெட் விலையையும் விசாரித்து வைத்திருக்கிறார்.