பணி ஏற்பு உரைநிரல்

பணி ஏற்பு உரைநிரல் என்பது கணினிக் கொத்துக்குப் பயனர் ஒரு பணியை அனுப்பும்போது, அது காத்திருப்பு வரிசையில் சேரும் முன்பே சோதித்துப் பார்க்கும் சிறு நிரல் ஆகும். கொத்தின் நிர்வாகி தம் நிறுவன விதிகளுக்கேற்ப இதை எழுதுகிறார். குறையுள்ள பணியை இது திருத்தும் அல்லது திருப்பியனுப்பும். திருப்பூர்ச் சாயப்பட்டறையில் டெலிவரி சலானில் எடை, ஜிஎஸ்எம், நிறம் ஆகியவற்றைப் பார்த்த பிறகே துணியை இறக்குவதுடன் இதை ஒப்பிடலாம்.

பின்னணி

திருச்சிராப்பள்ளி தேசிய தொழில்நுட்பக் கழகத்தில் 2022 மே 25 அன்று தொடங்கிவைக்கப்பட்ட 'பரம் பொருள்' மீத்திறன் கணினியின் திறன் 838 டெராபிளாப்ஸ் ஆகும். தேசிய மீத்திறன் கணினித் திட்டத்தின் கீழ் சி-டாக் அமைத்த பரம் கணினிகளில் பணிகளைப் பங்கிடுவது ஸ்லர்ம் என்னும் கட்டற்ற மென்பொருள். பலர் பகிர்ந்துகொள்ளும் இத்தகைய கணினியில் ஒருவர் தேவைக்கு மேல் நேரமோ நினைவகமோ கேட்டால் மற்றவர்களின் பணிகள் காத்துக்கிடக்கும். இதைத் தொடக்கத்திலேயே தடுக்க ஏற்பு உரைநிரல் உதவுகிறது.

செயல்படும் முறை

ஸ்லர்மின் அமைவுக் கோப்பில் இதற்கான செருகுநிரலை இயக்கி, விதிகளை லுவா மொழியில் எழுத வேண்டும். அதில் இரண்டு செயற்கூறுகள் உண்டு. ஒன்று புதிய பணியையும், மற்றொன்று ஏற்கெனவே அனுப்பிய பணியில் செய்யப்படும் மாற்றங்களையும் சோதிக்கிறது. இரண்டாவதில் விதி எழுதாவிட்டால், விதிப்படி அனுப்பிய பணியைப் பயனர் பின்னர் வேறு வரிசைக்கு மாற்றிக்கொள்ள இடமுண்டு.

வழக்கமான விதிகள்:

- நேர வரம்பு குறிப்பிடாத பணியை மறுத்தல்
- வரைகலைச் செயலி கேட்காத பணியைச் சாதாரண வரிசைக்கு மாற்றுதல்
- கணக்குப் பெயர் விடுபட்டிருந்தால் சேர்த்தல்

மறுப்பின் காரணத்தைப் பயனரின் திரையில் காட்டவும் முடியும்.

கவனிக்க வேண்டியவை

இந்நிரல் மையக் கட்டுப்பாட்டு நிரலுக்குள், அதன் தரவுகள் பூட்டப்பட்ட நிலையில் இயங்குகிறது. ஆகவே இது தாமதித்தால் கொத்து முழுவதும் தாமதிக்கும். இதற்குள்ளிருந்து தரவுத்தளத்தையோ வெளிக் கட்டளையையோ அழைப்பது தவிர்க்கப்பட வேண்டும்.

பயனர் குறிப்பிடாத நேர வரம்பு வெற்றாக வராது. 4294967294 என்ற எண்ணாக வரும். '1440 நிமிடத்துக்கு மேல் மறு' என்று மட்டும் எழுதினால், நேரமே குறிப்பிடாதவருக்கும் 'அதிக நேரம் கேட்டீர்கள்' என்ற தவறான பதில் போகும்.

கோப்பை மாற்றியதும், மறுதொடக்கம் இன்றியே, அடுத்த பணியிலிருந்து புதிய விதி நடைமுறைக்கு வருகிறது. எனவே ஒரு வரியில் உள்ள பிழை எல்லாருடைய பணிகளையும் ஒரே நேரத்தில் நிறுத்தக்கூடும். சோதனைக் கொத்தில் இயக்கிப் பார்த்த பின் மாற்றுவதே பாதுகாப்பானது.

பிற மென்பொருள்கள்

பிபிஎஸ் மென்பொருளில் இதே வேலையைப் பைத்தான் மொழியில் எழுதலாம். ஸ்லர்மில் பயனரின் முனையிலேயே இயங்கும் வடிகட்டியும் உண்டு. அதைப் பயனர் தவிர்த்துவிட முடியும் என்பதால் கட்டாய விதிகளுக்கு அது ஏற்றதன்று.