கடலோரத்துக் களியாட்டு நகரம்

திருவிழாக் காலத்திற் கோயில் வீதியில் இராட்டினம் சுழல்வதையும், மாலை வேளையிற் காலிமுகத் திடலில் மக்கள் திரண்டு காற்று வாங்குவதையும் நாம் கண்டிருக்கின்றோம். இவ்விரண்டையும் ஒன்றாய்க் கூட்டிப் பன்னூறு மடங்கு பெருக்கி, இரவு முழுவதும் மின்விளக்கேற்றி வைத்தால் எவ்வாறிருக்கும்? நியூயோர்க் நகரின் தென்கோடியில், புரூக்ளின் பகுதிக் கடலோரத்திலுள்ள கோனி ஐலண்ட் ஒரு காலத்தில் அவ்வாறே இருந்தது.

கோனி என்பது முயலைக் குறிக்கும் ஒல்லாந்தச் சொல்லின் திரிபு என்பது பலர் கொள்கை. 1658ஆம் ஆண்டிற் போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றிய அதே ஒல்லாந்தரே அக்காலத்தில் நியூயோர்க்கையும் ஆண்டனர். இன்று கோனி ஐலண்ட் தீவுமன்று. இடையில் ஓடிய சிற்றாற்றின் ஒரு பகுதி தூர்க்கப்பட்டமையால் அது பெருநிலத்தோடு இணைந்துவிட்டது. பெயரில் மாத்திரம் தீவு நிலைத்திருக்கின்றது.

1884ஆம் ஆண்டில் லாமார்க்கஸ் தொம்சன் என்பவர் அங்கே மேடுபள்ளமான தண்டவாளம் ஒன்றை அமைத்து, அதில் வண்டி ஓட்டினார். கட்டணம் ஐந்து சதம். வேகமோ மணிக்கு ஆறு மைலளவே. நம் ஊர்த் துவிச்சக்கரவண்டி அதனினும் விரைந்து செல்லும். எனினும் மக்கள் அதற்கு முண்டியடித்தனர். 1895இல் போல் பொய்ற்றன் என்னும் நீச்சல் வீரர் கடற்சிங்கங்களை வைத்துப் பூங்கா ஒன்றை வேலியடைத்து, வாயிலிற் கட்டணம் வாங்கத் தொடங்கினார். வேலியும் வாயிற் கட்டணமும் கொண்ட கேளிக்கைப் பூங்கா என்னும் வழக்கத்திற்கு அதுவே முன்னோடியாயிற்று.

ஈராண்டின் பின் ஸ்டீப்பிள்சேஸ் பூங்காவை நிறுவிய ஜோர்ஜ் டில்யூ என்பவரின் சாமர்த்தியத்தைச் சிறிது விரித்துக் கூறல் வேண்டும். 1893ஆம் ஆண்டுச் சிக்காகோ கண்காட்சியில் நின்ற மாபெரும் இராட்டினத்தை விலைக்கு வாங்க அவர் முயன்றார். அது முன்னரே வேறொருவர்க்கு விலைப்பட்டுவிட்டது. மனிதர் தளரவில்லை. அதனினும் மிகச் சிறியதொன்றைச் செய்விக்க ஏற்பாடு செய்துவிட்டு, உலகின் மிகப் பெரிய இராட்டினம் இவ்விடத்தில் வரப்போகிறதென்று கடற்கரையிற் பலகை நாட்டினார்! மரக் குதிரைகள் தண்டவாளத்தில் ஒன்றையொன்று முந்தி ஓடும் பந்தயமே அவர் பூங்காவின் தலையாய விளையாட்டு. 1907இல் அப்பூங்கா தீக்கிரையாயிற்று. மறுநாளே டில்யூ, எரிந்து புகையும் இடிபாடுகளைக் காணப் பத்துச் சதம் கட்டணம் என்று அறிவித்தார். எரிகிற வீட்டிற் பிடுங்கினது இலாபம் என்பர் நம்மவர். வீட்டுக்காரரே பிடுங்கிய கதை இதுவாகத்தான் இருக்கும்.

1903ஆம் ஆண்டு மே மாதத்தில் பிரெடெரிக் தொம்சன், எல்மர் டண்டி ஆகிய இருவர் லூனா பார்க்கைத் திறந்தனர். இரண்டரை இலட்சம் மின்குமிழ்கள் அங்கு எரிந்தனவென்பர். வீடுகளில் மண்ணெண்ணெய் விளக்கும் வாயு விளக்கும் எரிந்த காலமாதலின், தொழிற்சாலைகளிலிருந்து வந்த ஏழை மக்களுக்கு அது இந்திரலோகமாகவே தோன்றியிருக்கும். சந்திரனுக்குச் செல்லும் பயணம் என்பது அங்கே ஒரு காட்சி; மனிதன் மெய்யாகவே சந்திரனில் இறங்க அறுபத்தாறு ஆண்டுகள் இருந்தன.

அப்பூங்காவின் தொடக்கத்திலே கறையொன்றும் உண்டு. ரொப்சி என்னும் பெண்யானை அங்கே கட்டட வேலைக்குப் பயன்படுத்தப்பட்டது. முந்திய வருடம், வேறோரிடத்தில், தும்பிக்கையைச் சுருட்டு நெருப்பாற் சுட்ட ஒருவனை அது கொன்றிருந்தது. பொல்லாத யானையென்று பட்டஞ் சூட்டி, 1903 சனவரி 4ஆம் நாள், நஞ்சூட்டியும் மின்சாரம் பாய்ச்சியும் அதனைக் கொன்றனர். எடிசன் கம்பனியார் அதனைப் படமும் பிடித்தனர். மறுவருடம் அதே பூங்காவில் டில்லித் தர்பார் என்ற பெயரில் யானை ஊர்வலம் காட்டிக் காசு சேர்த்தனர். யானைமுகனை முதலில் வணங்கி எத்தொழிலையும் தொடங்கும் நமக்கு இச்செய்தி வாசிக்கவும் பொறுக்கவில்லை.

1904இல் ட்ரீம்லாண்ட் எழுந்தது. லூனாவை வெல்ல வேண்டுமென்பதே அதன் நோக்கம். முழுவதும் வெண்ணிறம், 375 அடிக் கோபுரம், பத்து இலட்சம் விளக்கு. அங்கே தீயணைக்கும் படையினர் பொய்த் தீயை அணைக்கும் காட்சியொன்று நடைபெற்றதுண்டு. மெய்த் தீ வந்தபோதோ அணைக்க இயலவில்லை. 1911 மே 27ஆம் நாள் அதிகாலை, நரக வாயில் எனப் பெயரிட்ட விளையாட்டில் ஒழுக்கு அடைத்துக்கொண்டிருந்தோரின் கொதிதார் கவிழ்ந்து பற்றிய நெருப்பு, விடிவதற்குள் நகரம் போன்ற அப்பூங்காவைச் சாம்பராக்கியது. பிடரி மயிர் எரிய ஓடிய சிங்கமொன்று செயற்கைக் குன்றின்மீது ஏறிச் சுடப்பட்டு மாண்டது. ட்ரீம்லாண்ட் மீண்டும் கட்டப்படவில்லை.

அவ்விரவில் அங்கே வேறு சில உயிர்களும் இருந்தன. அவை குறைமாதக் குழந்தைகள். கேளிக்கைப் பூங்காவிற் குழந்தைகளுக்கு என்ன வேலை என வியக்கலாம். மார்ட்டின் கூனி என்பவர் கண்ணாடி முகப்புடைய சூட்டுப் பெட்டிகளில் அக்குழந்தைகளை வைத்து, தாதியரையும் பாலூட்டும் தாய்மாரையும் அமர்த்தி, 1903 முதல் லூனா பார்க்கிலும் மறுவருடம் முதல் ட்ரீம்லாண்டிலும் காட்சி நடத்திவந்தார். அக்காலத்தில் அமெரிக்க வைத்தியசாலைகள் பெரும்பாலானவற்றில் அத்தகைய பெட்டிகள் இல்லை. குறைமாதப் பிள்ளை பிழைக்காதென்று கைவிடுவதே வழக்கம். கூனி பெற்றோரிடம் ஒரு சதமும் வாங்கவில்லை. செலவு முழுவதையும் இருபத்தைந்து சதம் கொடுத்து வேடிக்கை பார்க்க வந்தோரே தாங்கினர். பிள்ளையின் சிறுமையைக் காட்டத் தாதி தன் மோதிரத்தைக் கழற்றி அதன் மணிக்கட்டில் வளையல்போல் இடுவாளாம்.

தீ பரவியபோது பிள்ளைகள் யாவும் மடிந்தன என்று முதலிற் செய்தி வந்தது. அது பொய்யாயிற்று. ஒவ்வொன்றாய்த் தூக்கிச் செல்லப்பட்டு லூனா பார்க்கின் பெட்டிகளிற் சேர்க்கப்பட்டன, ஒன்றேனும் இறக்கவில்லை.

கூனியை எவ்வாறு மதிப்பது? பச்சிளங் குழந்தையைக் காட்சிப் பொருளாக்குவதா என்று அன்றே பலர் கண்டித்தனர். அக்கண்டனத்தில் நியாயமில்லையென்று நாம் கூறமாட்டோம். அவர் மருத்துவப் பட்டம் பெற்றமைக்குச் சான்று எதனையும் பிற்கால ஆராய்ச்சியாளர் கண்டாருமிலர். ஆயினும் ஏறக்குறைய எண்ணாயிரம் குழந்தைகளை ஏற்று ஆறாயிரத்தைந்நூறு வரையிற் பிழைக்க வைத்தாரென்பது வழங்கும் கணக்கு. பட்டம் பெற்றோர் கைவிட்ட பிள்ளைகள் அவை என்பதையும் மறத்தலாகாது. 1943ஆம் ஆண்டில் நியூயோர்க் வைத்தியசாலையொன்றில் குறைமாதக் குழந்தைகளுக்கெனத் தனி நிலையம் திறக்கப்பட்டதும், தமது பணி முடிந்ததென அவர் காட்சியை மூடினார்.

பூங்காக்களின் பிற்காலத்தைச் சுருக்கமாகவே சொல்லலாம். 1920 அளவிற் சுரங்க இரயில் கடற்கரையை எட்டியது. ஐந்து சதத்திற்கு நகரத்தின் எம்மூலையிலிருந்தும் வரலாமாயிற்று. கூட்டம் பெருகியது, பணம் படைத்தோர் விலகினர். 1944இல் லூனா பார்க் எரிந்து மூடப்பட்டது. ஸ்டீப்பிள்சேஸ் 1964 வரை தாக்குப்பிடித்தது. அந்நிலத்தைப் பின்னர் வாங்கியவர் பிரெட் டிரம்ப். பிற்காலத்திற் சனாதிபதியான டொனால்ட் டிரம்பின் தந்தையார். 1966இல் அவர் கண்ணாடி மண்டபத்தை இடித்தார். அங்கே தொடர்மாடிகள் கட்ட எண்ணிய அவரது திட்டம் நிறைவேறவில்லை. 1927இல் ஓடத் தொடங்கிய சைக்கிளோன் என்னும் மரத் தண்டவாள வண்டியும், 1920ஆம் ஆண்டின் இராட்டினமும் இன்றும் இயங்குகின்றன. பழம் பெயரைச் சூடிய புதிய லூனா பார்க் ஒன்று 2010இல் திறக்கப்பட்டது. ட்ரீம்லாண்ட் இருந்த இடத்தில் 1957 முதல் மீன்காட்சிச் சாலை இருக்கின்றது.

பூங்காக்கள் மறைந்த பின்னும் அங்கே பிழைத்தவர்கள் வாழ்ந்தார்கள். 1920இல் இரண்டு இறாத்தல் நிறையோடு பிறந்த இரட்டைப் பிள்ளைகளில் ஒன்று பிறப்பிலேயே இறந்தது. மற்றதும் பிழைக்காது, அடக்கத்திற்கு அவசரப்பட வேண்டாமென்று வைத்தியசாலையில் கூறிவிட்டனர். தந்தை கேட்கவில்லை. துவாயொன்றிற் சுற்றி, வாடகைக் காரிலேறி, கோனி ஐலண்டுக்கு எடுத்துச் சென்றார். அப்பெண் தொண்ணூற்றாறு வயது வரை வாழ்ந்தார். பத்தொன்பது வயதிற் கூனியைக் காண அவர் ஒருமுறை அங்கே சென்றபோது, ஏதோவொரு பெட்டியருகே ஒரு தந்தை தம் பிள்ளையைப் பார்த்தபடி நின்றிருந்தாராம். கூனி அவரது தோளைத் தட்டி, இப்பெண்ணும் நம் குழந்தைகளில் ஒருத்தியே, உம்முடைய பிள்ளையும் இவ்வாறு வளரும் என்று காட்டினாராம்.